தகட்டில் படம் எழுதுவது எப்படி?



சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர், வாடிய முகத்துடன் வந்து நின்றார். கையில் ஒரு டி.வி.டி. தகடு. அவருடைய தாத்தா, காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன், தம் இளமைக்காலக் கதைகளை அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அதைச் செல்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார் மாணவர். ஊரில் இருக்கும் பாட்டிக்குச் செல்பேசியின் சின்னத் திரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் டி.வி.டி. பிளேயரும் உண்டு. ஆகவே அந்தக் கோப்பை அப்படியே ஒரு தகட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பிளேயரோ தகட்டைச் சற்று நேரம் சுழற்றிப் பார்த்துவிட்டு, படிக்க இயலாது என்று கைவிரித்துவிட்டது. செல்பேசியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவை அவர் முன்பே அழித்தும் விட்டார்!

"சார், தாத்தாவோட குரல் போயிடுச்சா?" என்று கேட்டார்.

போகவில்லை. பின் ஏன் தெரியவில்லை? அதை அறிய, முதலில் தகட்டுக்குள் எட்டிப் பார்ப்போம்.

பதினோரு கிலோமீட்டர் பாதை

டி.வி.டி. தகட்டின் விட்டம் 12 செ.மீ. தடிமன் 1.2 மி.மீ. உண்மையில் அது 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தகடுகளை ஒட்டிச் செய்தது. அதில் நடுவிலிருந்து வெளிநோக்கி ஒரு சுருள் பாதை ஓடுகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 0.74 மைக்ரோமீட்டர்தான். பதிவுப் பகுதி மையத்திலிருந்து சுமார் 24 மி.மீ. முதல் 58 மி.மீ. வரை பரவியுள்ளது. இந்த வளையத்தின் பரப்பைக் கணக்கிட்டு, 0.00074 மி.மீ.ஆல் வகுத்துப் பாருங்கள். பாதையின் நீளம் கிடைத்துவிடும். ஏறத்தாழ 11.8 கிலோமீட்டர்! உள்ளங்கை அகலத் தகட்டில் இவ்வளவு நீளப் பாதை! வியப்பாக இருக்கிறதல்லவா?

1982இல் வந்த சி.டி.யில் சுற்று இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் பயன்பட்டது. 1996இல் விற்பனைக்கு வந்த டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அலைநீளம் குறையக் குறைய ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். கூர்மையான பேனாவால் பொடி எழுத்து எழுதுவது போன்றதுதான் இது. ஒரு சி.டி.யில் சுமார் 700 மெகாபைட் கொள்ளும், ஓரடுக்கு டி.வி.டி.யில் 4.7 ஜிகாபைட் கொள்ளும்.

இரண்டரை நிமிடப் படம்!

4.7 ஜிகாபைட் என்பது 470 கோடி பைட். இதில் எவ்வளவு நேரப் படம் பிடிக்கும்? நாமே கணக்கிடுவோம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு ஏற்ற டி.வி.டி.யில் ஒரு சட்டம் என்பது 720 × 576 = 4,14,720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். நொடிக்கு 25 சட்டங்கள். பெருக்கினால் நொடிக்கு 3 கோடியே 11 இலட்சம் பைட்! அப்படியானால் தகடு முழுவதும் 151 நொடிகளில் நிரம்பிவிடும். இரண்டரை நிமிடத்தில் தாத்தா தம் ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்திருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே சுருக்க வேண்டும். எதைச் சுருக்குவது? முதலில் நம் கண்ணின் குறையைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாகப் பார்க்கும் நம் கண், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. எனவே ஒளிச்செறிவைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒருமுறை குறித்தால் போதும். அளவு பாதியாகிவிடும்.

அடுத்து, ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் பெரும்பாலும் வேறுபாடு மிகக் குறைவு. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. அந்தச் சுவரை நொடிக்கு 25 முறை எழுதுவானேன்? ஒரு சட்டத்தை முழுமையாக எழுதிவிட்டு, தொடர்ந்து வரும் சட்டங்களில் மாறியதை மட்டும் எழுதினால் போதுமே! இவ்விரண்டோடு, சட்டத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்விவரங்களைக் கழிக்கும் முறையும் சேர்ந்ததே எம்பெக்-2 என்ற சுருக்க முறை.

பிளேயருக்குத் தெரிந்த மொழி

இங்கேதான் நம் மாணவரின் சிக்கல் இருக்கிறது. டி.வி.டி. படத்தின் மொழி எம்பெக்-2. பழைய பிளேயருக்குள் இருக்கும் சில்லு அந்த மொழியைப் படிக்கவே செய்யப்பட்டது. செல்பேசியோ பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 என்ற பிற்காலச் சுருக்க முறைகளில் படத்தை எழுதுகிறது. தமிழ் மட்டும் அறிந்தவரிடம் சீனக் கடிதத்தை நீட்டினால் என்ன செய்வார்? கடிதம் கிழியவில்லை, எழுத்தும் அழியவில்லை, படிக்க ஆளில்லை, அவ்வளவே. கணினியில் போட்டதும் தாத்தா பேசத் தொடங்கினார். மாணவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

முதல் வேலையாக அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுத்தோம். பிறகு மூன்று படிகளில் வேலையை முடித்தோம்.

முதற்படி, மொழிமாற்றம். கணினி மென்பொருள் கொண்டு கோப்பை எம்பெக்-2 ஆக்க வேண்டும். சட்டத்தின் அளவு 720 × 576. நொடிக்கு 25 சட்டம். இதற்குப் 'பால்' முறை என்று பெயர் (குடிக்கும் பால் அன்று!). அமெரிக்காவில் வழங்கிய முறையில் 480 வரிகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்களும் உண்டு. ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக மாற்ற வேண்டும்.

நொடிக்கு எத்தனை பிட் ஒதுக்குவது? 4.7 ஜிகாபைட்டை 8ஆல் பெருக்கினால் 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரப் படம் என்றால் 7,200 நொடி. வகுத்தால் நொடிக்கு 5.2 மெகாபிட். ஒலிக்கும் பிறவற்றுக்கும் சற்று விட்டுவிட்டு, படத்துக்கு 4.8 வைக்கலாம். அரை மணி நேரப் படத்துக்கு இதே கணக்கு 20.9 மெகாபிட் என்று காட்டும். ஆனால் அவ்வளவு வைக்க முடியாது. டி.வி.டி. படத்துக்கு மேல்வரம்பு 9.8 மெகாபிட். நாங்கள் 8 வைத்தோம். தகட்டில் பாதிக்கு மேல் காலியாக நின்றது, போகட்டும்!

இரண்டாம் படி, அடுக்குதல். பிளேயர் தகட்டில் வீடியோ-டி.எஸ். என்ற கோப்புறையைத் தேடும். அதில் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையும் படக் கோப்புகளும் விதிப்படி இருக்க வேண்டும். இதையும் மென்பொருளே செய்து தரும்.

மூன்றாம் படிதான் தகட்டில் எழுதுதல்.

உண்மையிலேயே சுடுகிறது

கடைகளில் இதைப் 'பர்ன் செய்வது' என்பார்கள். இது வெறும் பேச்சு வழக்கன்று. எழுதும் தகட்டில் சுருள் பள்ளம் முன்பே பதிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் கரிமச் சாயப் படலமும், அதற்கு மேல் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமும் உண்டு. எழுதும்போது லேசரின் திறனைக் கூட்டுகிறார்கள். ஒளி பட்ட இடத்தில் சாயம் சூடேறி மாறிவிடுகிறது. அங்கே ஒளி குறைவாகத் திரும்பும். படிக்கும்போது திறன் குறைந்த லேசர் இந்த வேறுபாட்டை உணர்கிறது. மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே ஒருமுறைதான் எழுதலாம்.

ஒரு மடங்கு வேகத்தில் தகடு நிரம்ப ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். நான்கு மடங்கில் 14 நிமிடம் போதும். எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' என்ற கட்டளையைக் கொடுத்துத் தகட்டை மூடிவிட வேண்டும். மூடாத தகட்டைப் பல வீட்டுப் பிளேயர்கள் படிக்க மாட்டா.

கீறல் விழுந்தால்? 1960இல் ரீட், சாலமன் என்ற இரு அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்தும் முறை இங்கே கைகொடுக்கிறது. மூலத் தகவலோடு சில சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து எழுதுவதால், சிறு கீறலில் இழந்ததைக் கணக்கிட்டே மீட்கலாம். ஆனால் பாதையை ஒட்டியே நீளும் கீறல் தொடர்ச்சியாகப் பல பிட்டுகளைத் தின்றுவிடும். அதனால்தான் தகட்டை வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய சி.டி. ஒன்றும் டி.வி.டி. ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் ஒரே கைவிளக்கின் ஒளியை இரண்டின் மீதும் செங்குத்தாகப் படச் செய்யுங்கள். வானவில் நிறங்கள் தெரியும். பாதை நெருக்கமாக உள்ள டி.வி.டி.யில் நிறங்கள் அதிகமாக விலகி நிற்கும். பச்சை ஒளிக்கு (550 நானோமீட்டர்) சி.டி.யில் ஏறத்தாழ 20 பாகையும், டி.வி.டி.யில் 48 பாகையும் வரும். லேசரையோ வெயிலையோ மட்டும் பயன்படுத்தாதீர்கள், கண்ணுக்குக் கேடு.

இறுதியாக ஒன்று. சாயம் நிலையானதன்று. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஆகவே தகட்டை உறையிலிட்டு நிழலில் வையுங்கள். எழுதிய தகட்டை முழுவதும் ஓடவிட்டுப் பார்க்காமல் மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். பார்த்த பிறகும் அழிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த வாரம் அந்த மாணவர் ஊருக்குப் போய் வந்தார். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல சார். முடிஞ்சதும் மறுபடி போடச் சொன்னாங்க" என்றார்.