பனையேறும் தொழிலாளிக்கு இரண்டாவது கயிறு வேண்டும்

மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய் தன் பெயரிலேயே ஓலையைத் தாங்கி நிற்கும் ஊர். கடலும் பனையும் சேர்ந்தே அத்தீவு மக்களுக்கு நெடுங்காலமாகச் சோறு போட்டு வந்திருக்கின்றன. கடலுக்குப் போகும் தொழிலாளியின் பாதுகாப்புப் பற்றி நாம் ஓரளவேனும் பேசுகிறோம். உயிர்காப்பு அங்கி, வானிலை எச்சரிக்கை என்பனவெல்லாம் நமக்குப் பழகிய சொற்களாகிவிட்டன. பனைக்கு ஏறும் தொழிலாளியைப் பற்றியோ, அவர் விழுந்த பின்னரே பேசுகிறோம். அதுவும் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக முடிந்துவிடுகிறது.

ஒருவர் 15 மீற்றர் உயரமான பத்துப் பனைகளில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு அவர் ஏறும் உயரம் 300 மீற்றர். பருவகாலம் முழுவதும், மாதக்கணக்கில், இது தொடர்கிறது. அந்த உயரத்திலிருந்து தவறி விழும் உடல் மணிக்கு 60 கிலோமீற்றருக்கும் கூடுதலான வேகத்தில் நிலத்தைத் தொடும். இத்தனை ஆபத்துக்கும் எதிராக அவரிடம் இருப்பது காலில் பூட்டிய தளைநார் ஒன்றே.

தளைநாரை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இரு பாதங்களையும் இணைக்கும் அந்த வளையம், பாதங்கள் விலகிப் போகாதபடி தடுத்து மரத்தை இறுகப் பற்றச் செய்கிறது. உடலின் பாரம் கூடக் கூடப் பிடியும் கூடுகிறது. கைகள் மரத்தை அணைத்திருக்கக் கால்கள் ஒருசேர மேலெழுகின்றன. கால்கள் நிலைகொண்டதும் கைகள் மேலே நகர்கின்றன. உராய்வின் இயல்பை நன்கறிந்த முன்னோர் கண்டுபிடித்த நுட்பம் இது. மார்பைக் காக்கும் தோலும், கத்தியையும் தட்டுப்பொல்லையும் வைக்கும் கூடும் அதே அனுபவத்தின் பயன்களே.

எனினும் தளைநார் ஏறுவதற்கு உதவும் கருவி. விழுவதைத் தடுக்கும் கருவி அன்று. கை வழுக்கினால் உடல் பின்புறமாகச் சாயும். அப்போது தளைநாரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. வட்டுக்குள் நுழையும் கணமும், பாளை சீவுவதற்காக இரு கைகளையும் மரத்திலிருந்து எடுக்கும் கணமும் மிகக் கொடியவை. பனி ஈரமும், மழையில் நனைந்த மரமும், மன்னாரில் ஓயாது வீசும் சோழகக் காற்றும் அந்த ஆபத்தை மேலும் பெருக்குகின்றன.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் கட்டிய தும்புக் கயிறுகளின் மேல் நடந்து செல்வதைப் பலரும் கண்டிருப்பர். ஒரு கயிறு காலுக்கு, மற்றது கைப்பிடிக்கு. உல்லாசப் பயணிகள் அதைப் படம் பிடித்து வியக்கிறார்கள். அங்கும் தொழிலாளியின் உடலைத் தாங்கும் மூன்றாவது கயிறு இல்லை.

மேலை நாடுகளில் மரமேறுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்தக் குறையை எவ்வாறு தீர்த்தார்கள்? இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் பட்டிக் கவசம் ஒன்றை அணிகிறார்கள். அதன் இருபுறமுள்ள வளையங்களில் ஒரு கயிற்றைக் கொளுவி, மரத்தைச் சுற்றி வரவிடுகிறார்கள். கயிற்றில் சாய்ந்து நிற்கும்போது பாரம் கவசத்துக்கு மாறுகிறது. இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கின்றன. ஏறும்போது கயிற்றையும் படிப்படியாக மேலே தள்ளிக்கொள்ள வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, கிளையற்ற மரத்தில் வெறுமனே சுற்றிய கயிறு, கால் வழுக்கினால் மரத்தோடு வழுக்கிக் கீழே வந்துவிடும். ஆகவே பாரம் விழுந்தவுடன் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் சுருக்கு வளையமாக அது அமைய வேண்டும். இரண்டாவது, பனையின் அடி பருத்தது. மேலே செல்லச் செல்ல மரம் சிறுக்கும். அதற்கேற்பக் கயிற்றின் நீளத்தைக் குறைக்காவிட்டால் தொய்வு ஏற்படும். தொய்ந்த கயிறு விழும் தூரத்தைக் கூட்டும். இரண்டு மீற்றர் வீழ்ச்சியைத் திடீரென நிறுத்தும் கயிறு இடுப்பையும் முதுகெலும்பையும் முறிக்க வல்லது. மூன்றாவது, வட்டின் கீழுள்ள காய்ந்த மட்டைகளைக் கடக்கையில் இரண்டாவது கயிற்றை மேலே மாட்டிய பிறகே முதற் கயிற்றைக் கழற்ற வேண்டும். ஒரு கணமேனும் கயிறற்று நிற்கலாகாது என்பதே இத்தொழிலின் முதல் விதி.

கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க விலையுயர்ந்த பொறிகள் இருக்கின்றன. அவை இல்லாதவிடத்து ஒரு முடிச்சே போதும். ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931 இல் விளக்கிய முடிச்சு இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்று வளையத்தை மும்முறை சுற்றி உள்ளே இழுத்தால் முடிச்சுத் தயார். பாரமின்றி இருக்கையில் கையால் நகர்த்தலாம்; பாரம் விழுந்ததும் அசையாது பற்றிக்கொள்ளும். தளைநாரின் தத்துவமும் இதுவே என்பதால், நம் தொழிலாளர்க்கு இதைக் கற்பிப்பது கடினமன்று.

கயிற்றின் தெரிவும் முக்கியமானது. தும்புக் கயிறு ஈரத்தில் உக்கும். நைலோன் கயிறு வலியதாயினும் வெயிலில் கிடந்தால் வலு இழக்கும். முடிச்சிடும் இடத்திலும் வலு குறையும். பனை மட்டையின் கருக்கு எந்தக் கயிற்றையும் அரம்போல் அறுக்கும். பாளைக்கத்தியோ ஒரே வீச்சில் துண்டித்துவிடும். ஆதலால் மரத்தைச் சுற்றும் கயிறு உள்ளே உருக்குக் கம்பி கொண்டதாக இருப்பது நல்லது. ஆணி பொருத்திய சப்பாத்துகள் நமக்கு உதவா. பனை தன் காயத்தை மூடி வளரும் மரமன்று. ஆண்டாண்டாகப் பால் தரும் மரத்தில் ஆணிக்காயங்கள் நிலைத்துவிடும்.

காய்ந்த ஓலைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியாவில் விசிறிப்பனைகளின் கீழிருந்து ஓலை வெட்டியவர்கள் மீது காய்ந்த ஓலைத் தொகுதி முழுவதும் சரிந்து, கவசத்தில் தொங்கியபடியே அவர்கள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். கவசம் அணிந்து தொங்கும் ஒருவர் மயங்கிவிட்டால் விரைவில் இறக்கப்பட வேண்டும். தாமதித்தால் அதுவே உயிரைப் பறிக்கும். ஆகவே தனியே ஏறுவதைத் தவிர்த்து, கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருப்பதை வழக்கமாக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் யார் தருவது என்ற கேள்வி எழும். கேரளத்தில் 2011 இல் இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஏறுகருவியும் காப்புறுதியும் ஒருங்கே வழங்கியது. பெண்களும் அதில் பயின்று மரமேறினர். நம் நாட்டில் 1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. பனம் பொருளுக்குச் சந்தை தேடும் அக்கறை, அதை இறக்கித் தருபவரின் இடுப்புக்கும் நீள வேண்டும். தென்னைக்கென அமைந்த கருவியை அப்படியே கொணர்வதால் பயனில்லை. பனையின் பருமனுக்கும் கருக்குக்கும் ஏற்ப, தொழிலாளரையே உடன் வைத்து, அவற்றைத் திருத்தி அமைக்க வேண்டும்.

1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் தொழில் கொள்வோரின் கீழ் வேலை செய்பவரை மனத்திற்கொண்டது. சொந்தமாகச் சீவுபவர் விழுந்தால் நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் எவருமில்லை. இறக்கும் கள்ளிலிருந்தும் கருப்பநீரிலிருந்தும் சிறு பங்கை ஒதுக்கிச் சங்கங்கள் வழியே காப்புறுதி செய்வது நடைமுறைக்கு ஒத்த வழியாகும்.

பிறப்போடு பிணைக்கப்பட்டு, இழிவும் ஏற்றப்பட்ட தொழில் இது. தம் பிள்ளைகள் இதற்கு வரவேண்டாம் எனப் பெற்றோர் எண்ணுவதில் வியப்பில்லை. மதிப்பும் பாதுகாப்பும் உள்ள தொழிலாக மாறினாலன்றி ஏறுவதற்கு ஆளிருக்காது. வானளாவிய பனைகள் வெறுமனே நிற்கும். அடுத்த பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினருக்கு ஒரு கவசமும் ஒரு கயிறும் ஒரு நாட் பயிற்சியும் கொடுக்கட்டும். மன்னாரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.