மலையும் வானூர்தியும்

வானூர்திகளை விரும்புவோர் பெரும்பாலும் அவற்றின் விரைவையும் வடிவையுமே போற்றுகின்றனர். இரத்மலானை வான்படை அருங்காட்சியகத்திலும் இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் முன்னே கூட்டம் நிற்கும். வழியறி கருவிகளைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. தான் எங்கே இருக்கிறது என்றறியாத ஊர்திக்கு விரைவால் பயனில்லை. இதை மலையகத்தைப்போல் உணர்த்தும் இடம் இலங்கையில் வேறில்லை.

விரைவைவிட வழியறிதலே பெரிது என்பதற்கு முதற்சான்று கடற்கரையில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தென்கரையின் கொக்கல ஏரியிலிருந்து எழுந்த கற்றலினா என்னும் பறக்கும் படகு, மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மட்டுமே சென்றது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கனடிய வான்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சலின் கற்றலினா, நிலவைக் கொண்டு தன் இருப்பிடத்தைச் சரிபார்ப்பதற்காகச் சற்றுக் கூடுதலாகப் பறந்தது. அப்போதுதான் தெற்கே சப்பானியக் கப்பற்படை கண்ணிற்பட்டது. அடுத்த ஆண்டு முதல் 1945 வரை குவாண்டாசு நிறுவனத்தார் இதே வகை ஊர்தியில் ஆத்திரேலியாவின் பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே பறந்தனர். ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம். பகைவர் செவியில் விழாதிருக்க வானொலியை மூடிவிட்டு, விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். 271 முறை கடல் கடந்தும் ஓர் ஊர்தியும் தொலையவில்லை. என்னளவில், வானூர்தி வரலாற்றின் மிகச் சிறந்த அருஞ்செயல் இதுவே. போர் வானூர்திகளின் வீரக்கதைகள் இதற்குப் பின்னரே.

முப்பது ஆண்டுகளில் விண்மீனின் இடத்தை மின்கருவி பிடித்தது. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, சுராபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவேண்டிய மார்ட்டினேர் நிறுவனத்தின் டிசி-8 தாரை ஊர்தி, மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. ஹஜ் பயணிகள் 182 பேரும் பணியாளர் ஒன்பதின்மரும் மாண்டனர். மோதிய இடம் ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில், கொழும்பு வானூர்தி நிலையத்துக்குக் கிழக்கே 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணியே ஓட்டுநர்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். இருப்பிடத்தை அவர்கள் பிழைபடக் கணித்ததையும், பிழைபடப் பொருள்கொள்ள இடந்தரும் தொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் நம்பியதையும் விசாரணை காரணமாகக் காட்டியது.

தொப்ளர் கருவி, ஊர்தியின் அடிவயிற்றிலிருந்து நிலத்தை நோக்கிச் சாய்வாக நுண்ணலைகளை அனுப்பும். திரும்பி வரும் அலையின் அலைவெண் மாற்றத்திலிருந்து நிலத்தை ஒப்பிட்ட வேகமும் பக்கவாட்டு நகர்வும் கிடைக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் கடந்த தொலைவு தெரியும். பிழையும் அவ்வாறே கூடிக்கொண்டு வரும். சுராபாயாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நூற்றுக்கு ஒரு பங்கு பிழையென்றால், பயண முடிவில் 40 கிலோமீட்டர் தவறிவிடும். உயரமானியோ காற்றழுத்தத்தை அளந்து, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டுமே சொல்லும். கீழே கடலா, மலையா என்று அது அறியாது.

மார்ட்டினேர் ஊர்தி மோதுவதற்கு மூன்றே நாள் முன்னர் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு போயிங் 727 மலையில் மோதி 92 பேரைப் பலிகொண்டிருந்தது. அதன் பின்னரே, கனடாவில் பிறந்த பொறியாளர் டொன் பேற்மன் உருவாக்கிய தரையண்மை எச்சரிக்கைக் கருவி அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டது. கீழ்நோக்கி வானலை அனுப்பித் தரை நெருங்குவதை அறிந்து கூவும் கருவி அது. செங்குத்தாக எழும் மலை முன்னே நின்றால் அது காலந்தாழ்த்தியே அறியும். 1990களில், உலக நிலவுருவின் பதிவை உள்ளடக்கிய மேம்பட்ட வகை வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது. அப்பதிவுக்கு, சோவியத் ஒன்றியம் குலைந்த பின் கிடைத்த அந்நாட்டு வரைபடங்களும் உதவின.

இன்று மலையகத்தார் அண்மையிலிருந்து காணக்கூடிய வானூர்தி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் செசுனா கரவான் என்னும் ஒற்றைப் பொறி மிதவை வானூர்தி. இருப்பிடத்தை அதற்குச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. ஆனால் உயரத்தின் தொல்லை தீரவில்லை. நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே எழுவதற்குத் தேவையான வேகம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடும். விசிறியின் இழுவிசையும் தளரும். நீரில் ஓடவேண்டிய தொலைவு நீளும். அலையற்ற நீரானால் மிதவைகள் எளிதில் விடுபடாமல் மேலும் இடர்தரும். சுற்றிலும் தேயிலை மலைகள் இருப்பதால், எழுந்தவுடன் திரும்பவும் வேண்டும்.

நோட்டன் பிரிட்ஜில் அந்த டிசி-8இன் டயர் ஒன்று நினைவுப்பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. அட்டன், மஸ்கெலியாப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் தம் மாணவரை அங்கே அழைத்துச் செல்லவேண்டும். அலைவெண் மாற்றப் பாடத்தை அங்கேயே நடத்தவேண்டும்.