1990 வெளியேற்றத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வரலாறு, புத்தளத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இரண்டு வழியாகவே வந்து சேர்கிறது. ஒன்று, ஒக்டோபர் மாத மேடைப் பேச்சு. மற்றது, மூத்தவர்கள் பாதியில் நிறுத்திவிடும் கதை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருட யுத்தத்தை ஒரு பிள்ளை விளங்கிக்கொள்ள முடியாது. அதனால்தான் எமது மாலை வகுப்புகளில் தரம் 10, 11 மாணவரின் கையில் மூல ஆவணங்களையே கொடுக்கிறோம்.

மூல ஆவணம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. பழைய கூப்பன், பாடசாலை விடுகைப் பத்திரம், முகாம் பதிவு, கண்டவர் சொன்ன வாக்குமூலம் எல்லாம் அதுதான்.

ஒரு காணி உறுதியை எடுத்துக்கொள்வோம். காணி யாருடையது, எவ்வளவு பரப்பு என்பதோடு, நான்கு எல்லைகளிலும் யாருடைய காணி இருக்கிறது என்றும் அதில் எழுதியிருக்கும். கிழக்கே ஒரு முஸ்லிம் பெயர், வடக்கே ஒரு தமிழ்ப் பெயர். மேடையில் யாரும் பேசாத அயலவர் அங்கே இருக்கிறார். ஆனால் அந்தக் குடும்பம் எப்படி வெளியேறியது என்பதை உறுதி சொல்லாது. சோதனைச் சாவடியில் பறித்த நகைக்கு எவரும் பற்றுச்சீட்டு தரவில்லை. அங்கே வாக்குமூலம்தான் துணை.

வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று முரண்படும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து ஆட்களைக் கூட்டினர். இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். இதில் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு பணம் கொண்டுபோக விட்டார்கள் என்று கேட்டால் ஒருவர் 500 ரூபா என்பார், இன்னொருவர் அதிலும் குறைவு என்பார், மன்னாரிலிருந்து வந்தவர் வேறு கணக்குச் சொல்வார். உடனே பிள்ளைகள் "யார் சொல்வது பொய்?" என்று கேட்கிறார்கள். எந்த ஊர், எந்தச் சாவடி, தானே கண்டாரா, கேட்டுச் சொன்னாரா, எத்தனை வருடம் கழித்துச் சொன்னார் என்று விசாரிக்கப் பழக்க வேண்டும். மதரஸாவில் ஹதீஸின் சனதை ஓதியவர்களுக்கு இது புதிய வேலையல்ல.

கடினமான பகுதி ஒன்று உண்டு. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பு யுத்த காலத்திலேயே அறிக்கைகளை வெளியிட்டது. 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் வடக்கு வெளியேற்றமும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தமிழ் விரிவுரையாளர்கள் உயிராபத்தின் நடுவே எழுதியவை அவை. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமத்தவரைக் கொன்றதும் அவற்றிலேயே இருக்கிறது. "அதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். காட்ட வேண்டும் என்பதே எமது முடிவு. அந்தப் பக்கங்களை நாம் மறைத்துவிட்டு, நம் வாக்குமூலங்களைத் தமிழ்ப் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

வடபுல முஸ்லிம்களின் வாக்குமூலங்களைத் திரட்டிப் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று 2011 இல் வெளியிட்ட அறிக்கையும் வகுப்பில் பயன்படும். ஆயினும் தன் உம்மும்மாவின் கூப்பனைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை கேட்கும் கேள்விகள் வேறு.

ஆகவே 1990க்கு முந்திய கடிதம், உறுதி, கூப்பன், புகைப்படம் எது இருந்தாலும் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அப்போதே திருப்பித் தருவோம். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்த பின்னரே வகுப்புக்குக் கொடுப்போம். பழைய தாளைத் தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம். பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.