கட்டத்துக்குள் யாருக்கு எவ்வளவு இடம்?

நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்தில் வசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் வரைந்த சித்திரக்கதையைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினாள். சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறிய கொள்ளுத்தாத்தாவின் கதை அது. வீட்டில் கேட்டறிந்ததைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் எழுதியிருந்தாள். ஆனால், இரண்டு பக்கங்களிலும் ஒரே அளவில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மார்பளவில் இரண்டு உருவங்கள். தலைக்கு மேல் பேச்சுக் குமிழ்கள். நான்காவது கட்டத்துக்குப் பிறகு என் கண் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு போனது.

“படமெல்லாம் சரியாத்தானே இருக்கு, தாத்தா?” என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தன. எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததுதான் சிக்கல்.

பொருளியலில் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று உண்டு. தாகத்தோடு இருப்பவருக்கு முதல் குவளை நீர் தரும் நிறைவை நான்காவது குவளை தருவதில்லை. சித்திரக்கதைக் கட்டங்களுக்கும் இது பொருந்தும். ஒரே கோணம், ஒரே தொலைவு, ஒரே அளவு என்று தொடரும்போது, ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடக் குறைவாகவே சொல்கிறது.

தொழில்முறை ஓவியர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. அமெரிக்க ஓவியர் வாலி வுட் (1927–1981), பேச்சே நிறைந்த காட்சிகளைச் சலிப்பில்லாமல் வரையும் வழிகளைத் தமக்காகக் குறித்துவைத்திருந்தார். பின்னாளில் லாரி ஹாமா அவற்றை ஒரே தாளில் தொகுத்தார். ‘எப்போதும் கைகொடுக்கும் 22 கட்டங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அந்தத் தாள் உலகெங்கும் சித்திரக்கதை பயில்வோரிடம் புழங்குகிறது. முகத்தை மிக அருகில் காட்டுவது, முழு உருவத்தையும் தொலைவில் நிறுத்துவது, மேலிருந்து பார்ப்பது, வெறும் நிழலுருவாக வரைவது, ஒரு பொருளை மட்டும் பெரிதாக முன்னிறுத்துவது என்று எளிய உத்திகளே அவை.

என் தலைமுறைத் தமிழ் வாசகர்கள் இதைப் பெயர் தெரியாமலேயே அனுபவித்தவர்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். முகமோ உடலோ இல்லாமல், ஒரு கையை மட்டும் வைத்துக் கட்டத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு. அந்தக் கையின் அளவும் அது இருக்கும் இடமும்தான் நமக்குத் திகிலூட்டின.

ஆனால், இது சலிப்பைத் தவிர்ப்பதற்கான உத்தி மட்டுமன்று. பக்கம் என்பது அளவான வளம். அதில் எதற்கு எவ்வளவு இடம் என்பது ஒரு நிதிநிலை அறிக்கையின் ஒதுக்கீட்டைப் போன்றது. அரசின் முன்னுரிமையை உரையைவிட ஒதுக்கீடு தெளிவாகச் சொல்லும், பக்கத்திலும் அப்படித்தான்.

நெய்வேலிச் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கட்டம் வரைந்து, ராட்சத மண்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தி, அதன் காலடியில் ஒரு மனிதரை எறும்பளவில் வைத்தால், நாட்டின் ஆற்றலும் தனிமனிதரின் சிறுமையும் ஒருசேரத் தெரியும். அதற்கடுத்த ஒடுக்கமான கட்டத்தில், பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் விரல் மட்டும் இருந்தால் போதும், வசனமே வேண்டாம். 2023 ஜூலையில், வாய்க்கால் வெட்ட வளையமாதேவியின் நெல் வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியை உயரத்திலிருந்து வரைந்தால் அது ஒரு திட்டப் பணி. சாய்ந்த கதிரின் உயரத்திலிருந்து வரைந்தால் அது ஓர் உழவரின் இழப்பு. இரண்டும் உண்மையே. எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதை ஓவியர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். பழக்கம் அவருக்காக முடிவு செய்துவிடக் கூடாது.

ஆகவே, கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. காரணமில்லாத மாற்றம் வாசகரை அலைக்கழிக்கும். இழப்பீட்டுக்காகக் காத்திருப்பவரை வரைய வேண்டுமானால், அதே பெஞ்சு, அதே கோணம் என்று மூன்று கட்டங்களை ஒன்றுபோல வரைந்து, சுவர்க் கடிகாரத்தை மட்டும் மாற்றலாம். அங்கே மாறாமைதான் செய்தி.

கட்டத்தையே துறந்தவர்களும் உண்டு. அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் ‘பீமாயனா’ (2011) நூலை வரைந்த கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும், பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடைக்க மறுத்து, தங்கள் மரபுக் கோலங்களால் பக்கத்தைப் பகுத்தார்கள். கொடுஞ்சொற்களின் குமிழுக்குத் தேள் கொடுக்கு. கனிந்த சொற்களின் குமிழுக்குப் பறவை வடிவம். தீண்டாமையால் ஒதுக்கப்பட்டவரின் கதையில் எல்லைக்கோடுகளை நீக்கியது, கதையின் பொருளோடு இணைந்த முடிவு.

நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பு பூவையும் பானையையும் பார்த்து வரைவதோடு நின்றுவிடுகிறது. ஒரு நிகழ்வை எங்கிருந்து பார்ப்பது, எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது என்பது படம் வரைவோருக்கு மட்டும் வேண்டிய பயிற்சியன்று. செய்தியையும் காணொளியையும் நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளுக்கு, காட்டப்படுவதைக் கேள்வி கேட்கக் கற்றுத்தரும் பயிற்சியும்கூட. நெய்வேலிப் புத்தகக் காட்சி நடக்கும் நாள்களில், சித்திரக்கதைப் பயிலரங்கு ஒன்றுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். இந்த மண்ணில் சொல்லப்படாத குடும்பக் கதைகள் நிறைய இருக்கின்றன.

அந்த மாணவியிடம் ஒன்றுதான் கேட்டேன்: “இந்தப் பன்னிரண்டில் உன் கொள்ளுத்தாத்தாவால் மறக்க முடியாதது எது?” சற்று யோசித்து, ஒன்பதாவது கட்டத்தைத் தொட்டாள். வெட்டப்பட்ட பலா மரம். அவள் வரைந்திருந்ததோ, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முகங்களை. “அப்போ மரத்துக்கே அரைப் பக்கம் கொடுத்துடலாமா?” என்று கேட்டுவிட்டு, அழிப்பானைத் தேடத் தொடங்கினாள்.