வற்றும் நீரும் வீணாகும் பெட்ரோலும்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் சென்னையில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீர், பெங்களூரில் சுமார் 97 பாகையிலேயே கொதிக்கிறது. பழைய கார் வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நலம்.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில்சுருள் உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்திக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்குவதாயின், பெங்களூரில் நீரின் கொதிநிலை சுமார் 117 பாகையாகும். வில்சுருள் தளர்ந்துவிட்டால் நீர் முன்னதாகவே கொதித்து ஆவியாய் வெளியேறும். தரையில் ஒரு சொட்டும் காணப்படாது.

நீர் குறைந்தால் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது பரிகாரம் ஆகாது. எஞ்சின் முற்றிலும் ஆறியபின் நீரைக் குறிவரை நிரப்பி, ரப்பர்க் குழாய்களின் இணைப்புகள், ரேடியேட்டரின் அடிப்பகுதி, வாட்டர் பம்ப் ஆகியவற்றில் உலர்ந்த வெண்கறை உளதா எனக் காண வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்தாற்போலத் தோன்றினாலும், எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நீடித்தாலும், ஹெட் காஸ்கெட் பழுதுற்று நீர் உள்ளே கசிகிறது என ஐயுறலாம். அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டின் எஞ்சினே கெடும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது; பீறிடும் கொதிநீர் கடும் புண் விளைவிக்கும்.

எஞ்சின் சூடேறுவதைத் தடுக்கச் சிலர் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இது நோயை மறைத்து வேறொரு நோயை வரவழைப்பதாகும். தெர்மாஸ்டாட் இல்லாத எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடையத் தாமதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் செவ்வனே ஆவியாகாது; ஆயிலும் தடித்து உராய்வை மிகுவிக்கும். இவ்வாறு பெட்ரோல் வீணாகிறது. மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தப்படும் வண்டிகளிலோ, எஞ்சின் இன்னும் குளிர்ந்துள்ளது எனக் கொண்டு கருவி மிகுதியான பெட்ரோலை அனுப்பும்.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் மற்றொரு காரணமும் உண்டு. கடற்கரை ஊருக்கென அளவிடப்பட்ட கார்புரேட்டர், பெங்களூரின் அடர்த்தி குறைந்த காற்றில் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலக்கும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் படியும் கரிய புகைக்கரி இதற்கு அடையாளம்.

குறையை ஊகிக்குமுன் அதனை அளந்தறிய வேண்டும். தொட்டியை நிரப்பி 400 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் நிரப்ப 40 லிட்டர் ஆயின், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்பது தெளிவு. டயர்க் காற்றின் அளவையும், பிரேக் இறுகிச் சக்கரம் சுழலத் தடையாகிறதா என்பதையும் உடன் சோதிக்க வேண்டும்.

தெர்மாஸ்டாட்டைச் சோதிப்பது வகுப்பறைக்கும் ஏற்ற பாடமாகும். அதனை நூலில் கட்டி, ஒரு வெப்பமானியுடன் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றுக. 82 பாகை எனக் குறிக்கப்பட்டது அவ்வெப்பநிலையை ஒட்டித் திறந்து, நீர் ஆறும்போது மூட வேண்டும். திறவாததும் மூடாததும் மாற்றத் தக்கவை. அதே நீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியை நோக்கினால், தம் ஊரின் உயரம் கொதிநிலையை எவ்வாறு குறைக்கிறது என்பதையும் மாணவர் நேரிற் காண்பர்.