மரத்தில் மெழுகுவர்த்தித் தாங்கி செய்தல்

மெழுகுவர்த்தித் தாங்கி என்பது எரியும் மெழுகுவர்த்தியைச் சாயாமல் நிறுத்தவும், வழியும் மெழுகைப் பிடித்துக்கொள்ளவும் பயன்படும் பொருள். பித்தளை, இரும்பு, கண்ணாடி, பீங்கான், களிமண், மரம் எனப் பலவற்றில் இது செய்யப்படுகிறது. இவற்றுள் வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடியது மரத் தாங்கி. ஆனால் தானே தீப்பற்றக்கூடியதும் அதுதான். எனவே இதில் உருவ அழகைவிட, சுடருக்கும் மரத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது.

மின்சாரம் நின்ற இரவுகளில் பல வீடுகளில் மேசை மீதோ கவிழ்த்த டம்ளர் மீதோ இரண்டு சொட்டு மெழுகை விட்டு, அதில் வர்த்தியை ஒட்டவைப்பது வழக்கம். கை பட்டால் அது சாய்ந்துவிடும். சாயாவிட்டாலும் கடைசிவரை எரிந்து அடியைத் தொடும்போது ஆபத்து தொடங்குகிறது. மெழுகு ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகுகிறது. சுடரின் சூடான பகுதியோ 1000 பாகையைத் தாண்டும். வர்த்தி நீளமாக இருக்கும்வரை அடிப்பகுதி கட்டியாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கடைசிச் சில நிமிடங்களில் திரி உருகிய மெழுகில் மிதந்தபடி மரத்தின் மேலேயே எரிகிறது. உலர்ந்த மரம் தீப்பற்ற 250 முதல் 300 பாகை வெப்பமே போதும்.

இங்கு விளக்கப்படும் தாங்கி ஒரே பலகைத் துண்டில் செய்யப்படுவது. அதன் நடுவில் ஒரு குழி, குழிக்குள் சிறிய உலோகக் கிண்ணம். அவ்வளவுதான்.

மரம்

தச்சுப் பட்டறைகளில் கழிவாகக் கிடக்கும் தேக்குத் துண்டு மிகவும் ஏற்றது. வேம்பு, மா, பூவரசு ஆகியவையும் பயன்படும். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரமான துண்டு பின்னர் வெடிக்கும். பொருள்கள் அடைத்துவரும் பைன் மரப்பெட்டிகளின் பலகையில் பிசின் இருக்கக்கூடும். சூட்டில் அது கசியும். பழைய வண்ணம் பூசிய மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அந்த வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, தேய்க்கும்போது அதன் தூள் மூச்சில் சேரும்.

பட்டையோடு கூடிய கிளைத்துண்டில் நேரடியாகக் குழி தோண்டி வர்த்தி நிறுத்திய படங்கள் நிறையக் காணப்படுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் உலர்ந்த பட்டை எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இங்கு அது பரிந்துரைக்கப்படவில்லை.

அளவு

பலகை 3 செ.மீ. தடிமனும், பக்கத்துக்கு 10 செ.மீ. வீதம் சதுரமும் இருக்கட்டும். இந்த அகலத்துக்குக் காரணம் உண்டு. 2 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட வர்த்தியை இதில் நிறுத்தினால், தாங்கியும் வர்த்தியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில் அமையும். அதைக் கவிழ்க்க 50 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டும். அதே பலகையைப் பக்கத்துக்கு 6 செ.மீ. என வெட்டினால் மையம் 6 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். அப்போது 26 பாகை சாய்ந்தாலே கவிழும். பூனையும் குழந்தையும் உள்ள வீட்டில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

குழியும் கிண்ணமும்

குங்குமம் வைக்கும் சிறிய ஸ்டீல் அல்லது பித்தளைக் கிண்ணம் போதுமானது. வாய் 4 செ.மீ.க்குச் சற்று அதிகமாகவும், ஆழம் 2 செ.மீ. அளவிலும் இருந்தால் சிறிய அலுமினியக் குப்பியில் வரும் வட்ட மெழுகுவர்த்தியும் அதில் உட்காரும். கடைகளில் விற்கும் வர்த்திகளின் தடிமன் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு வர்த்திக்கு என்று அளவெடுத்துத் துளையிட்டால் அடுத்த முறை வாங்கியது ஆடும், அல்லது நுழையாது. கிண்ணம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பலகையை வெட்டுவதற்கு முன்பே குழியைத் தோண்டிவிட வேண்டும். நீளமான பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிப்பது எளிது. சிறு துண்டு கையில் சுழலும், காயம் ஏற்படுத்தும். முதலில் மூலைமட்டம் வைத்துச் சதுரத்தை வரைந்து, மூலைக்கு மூலை கோடிட்டு நடுவைக் குறிக்கவும். கிண்ணத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. அகலமாக வட்டம் வரையவும். டிரில் பிட்டில் 15 மி.மீ. உயரத்தில் ஒட்டுத்தாள் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. வட்டத்துக்குள் நெருக்கமாகத் துளைகளிட்டு, இடையில் நிற்கும் மரத்தை உளியால் செதுக்கி எடுக்கலாம். உளியின் முனைக்கு நேராக மற்றக் கை இருக்கக் கூடாது. குழியின் ஓரம் சற்று ஒழுங்கற்று வந்தாலும் கவலையில்லை. பிறகு சதுரத்தை ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம்.

கிண்ணத்தின் அடியில் ஆணியால் ஒரு துளையிட்டு, கீழே வாஷர் வைத்து, அரை அங்குலத் திருகாணியால் மரத்தில் முடுக்க வேண்டும். வாஷர் இருப்பதால் கிண்ணத்தின் அடி மரத்தில் படியாது. சுற்றிலும் விட்ட இடைவெளியோடு சேர்ந்து, இந்தக் காற்றிடைவெளி வெப்பம் மரத்துக்குச் செல்வதைக் குறைக்கிறது. மரம் மழைக்காலத்தில் உப்பவும் இடம் கிடைக்கிறது. கிண்ணத்தைப் பசையால் ஒட்டக் கூடாது.

தேய்ப்பும் பூச்சும்

80, 120, 220 எண் உப்புத்தாள்களால் இந்த வரிசையிலேயே, மர ரேகையின் போக்கில் தேய்க்க வேண்டும். கிண்ணத்தைக் கடைசியில் பொருத்தினால் தேய்ப்பது சுலபம். ஆளிவிதை எண்ணெய் பூசினால் தேக்கின் நிறம் நன்றாக எழும். ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சுருட்டிய துணிக்குள் அது தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். வார்னிஷ் பூசினால் அதன் வாடை முற்றிலும் போகும்வரை வர்த்தி ஏற்றக் கூடாது. எந்தப் பூச்சும் மரத்தைத் தீப்பிடிக்காததாக மாற்றுவதில்லை.

பயன்படுத்தும்போது

நீள வர்த்தி 5 செ.மீ.க்குக் குறையும்போது அணைத்துவிட வேண்டும். திரி நீண்டு புகைந்தால், அணைத்து ஆறிய பின் 6 மி.மீ. விட்டுக் கத்தரிக்கலாம். காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு பக்கமாக உருகி மெழுகு வழியும் என்பதால் சன்னலையும் திரைச்சீலையையும் விட்டுத் தள்ளி வைக்கவும். கிண்ணத்திலுள்ள மெழுகே எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் உடனே ஆவியாகி, எரியும் மெழுகை நாற்புறமும் சிதறடிக்கும். ஒரு ஸ்டீல் தட்டால் மூடினால் அணைந்துவிடும்.

கிண்ணத்தில் உறைந்த மெழுகை அகற்ற, திருகாணியைக் கழற்றி, கிண்ணத்தை மட்டும் ஒரு பழைய பாத்திரத்தில் வெந்நீரில் போட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியதும் ஏடாக எடுத்துவிடலாம். உருகிய நிலையில் தொட்டிக் குழாயில் ஊற்றினால் அது உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும்.