கடலின் முன்னறிவிப்பும் கரையோர மக்களின் உரிமையும்

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால், கிழக்கிலங்கைக் கடலை இருவகை மனிதர் விடியுமுன்னரே எழுந்து உற்றுநோக்குகிறார்கள். மட்டக்களப்பு வாவி சமுத்திரத்தோடு கலக்கும் பாலமீன்மடு முகத்துவாரத்திலே, இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, வெளியே உடையும் அலைகளுக்கிடையில் படகை ஓட்டிச் செல்ல இடைவெளி கிடைக்குமா என்று காத்திருக்கும் கடற்றொழிலாளர் ஒருவகை. தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவிலே, பலகையும் கையுமாக நின்று, அலையின் உயரம் எத்தனை அடி, அடுத்தடுத்த அலைகளுக்கிடையே எத்தனை விநாடி, காற்று எத்திசையிலிருந்து என்பவற்றைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் அலைச்சறுக்குக்காரர் மற்றொரு வகை. இருவர் முன்னும் விரிந்திருப்பது ஒரே கடல்; எனினும் விளையாட வந்தவருக்குக் கிட்டும் நுணுக்கமான விவரம், அதே கடலில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்பவருக்கும், மாலையில் கல்லடிக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பத்தாருக்கும் பெரும்பாலும் எட்டுவதேயில்லை என்பதுதான் நான் இங்கு முறையிட விரும்பும் விஷயம்.

வானம் தெளிந்திருந்தால் கடலும் அடங்கியிருக்கும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பாதியளவே மெய்யானது. நம் கண்ணெதிரே வீசும் காற்று எழுப்பும் அலை வேறு; நாம் காணாத தூரத்தில், தென் சமுத்திரத்தின் நாற்பது, ஐம்பது பாகை அட்சரேகைகளில் அடித்த புயல் எழுப்பி அனுப்பிய அலை வேறு. முன்னையது காற்று அடங்கச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். பின்னையதோ, தன்னைப் பெற்ற புயல் மறைந்து பல நாட்கள் சென்ற பின்னரும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பிரயாணம் செய்து, காற்றே இல்லாத ஒரு காலைப்பொழுதில் நம் கரையை வந்தடையும். பதினான்கு விநாடி இடைவெளியுள்ள அத்தகைய அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 900 கிலோமீற்றர் நகர்கிறது. ஆகவே 5000 கிலோமீற்றருக்கு அப்பாற் பிறந்தது ஐந்தாறு நாட்களில் இங்கே வந்து சேரும் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம். இரண்டாம் உலக மகாயுத்தத்திலே, படையிறக்கும் கரைகளில் அலை எவ்வாறிருக்கும் என்று அறியவேண்டிய அவசியத்தினால் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்னும் விஞ்ஞானிகள் வகுத்த முறையே இக்கணிப்புக்கு அடிப்படையாயிற்று. யுத்தத்துக்குப் பிறந்த அந்தச் சாஸ்திரம் இன்று விளையாட்டுக்கு இத்துணை உதவும்போது, ஜீவனோபாயத்துக்கு அதைவிட அதிகமாக உதவவேண்டாமா?

முன்னறிவிப்பில் வரும் எண்களைப் படித்தறிவது பெரிய வித்தையன்று. அலையின் உயரம் இரண்டு மீற்றர் என்று சொல்லப்படுமாயின், வரும் அலையெல்லாம் இரண்டு மீற்றர் என்பது அதன் பொருளல்ல. அலைகளிற் பெரிய மூன்றிலொரு பங்கின் சராசரியே அது. ஆதலால் இடையிடையே ஓரலை அதன் இருமடங்கை நெருங்கி எழுவதும் இயல்பேயாகும். உயரத்தைக் காட்டிலும் விநாடிக் கணக்கே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஆறேழு விநாடி என்றால் அருகிலுள்ள காற்றின் அலை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் தூரதேசத்து அலை. உயரம் சமமாயிருப்பினும் பின்னதன் பலம் அதிகம். அன்றியும் அது கூட்டங்கூட்டமாக வருவது. நாலைந்து பெரிய அலைகள் அடித்தபின் பல நிமிஷம் கடல் குளம்போற் கிடக்கும். 'அலை ஓய்ந்துவிட்டது' என்று குழந்தையை இடுப்பளவு நீரில் இறக்கிய பின்னர் அடுத்த கூட்டம் வந்து சேரும். புதிய கரைக்குச் சென்றால் இறங்குமுன் அரைமணி நேரமாவது நின்று பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

அறுகம்குடாவின் முனை தெற்கிலிருந்து வரும் அலையை வாங்கி ஒழுங்காக வலப்பக்கம் மடித்துவிடுகிறது. சித்திரை தொடக்கம் ஐப்பசி வரை உலகின் பல பாகங்களிலிருந்தும் அலைச்சறுக்குக்காரர் அங்கே வந்து குவிவதற்குக் காரணம் அதுவே. மட்டக்களப்புக் கரையோ வடகிழக்கை நோக்கியிருப்பதால், அதே அலை இங்கே வளைந்து தேய்ந்துதான் வருகிறது. இங்கு கச்சான் காலத்து அபாயம் வேறு வகையானது. தரையிலிருந்து கடலை நோக்கி அக்காற்று வீசுவதால் கரையோர நீர் வழவழப்பாகத் தெரியும். காற்றடைத்த வளையத்தில் அமர்ந்த சிறுவனோ, துடுப்புத் தவறிய சிறு தோணியோ அந்த அமைதியான நீர்மேல் நிமிஷங்களில் எட்டாத் தூரம் போய்விடும். பாசிக்குடாவிலே நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடந்து செல்லலாம் என்பது உண்மை. அந்த உண்மையே அங்கே காற்றை மறக்கச் செய்கிறது. அடுத்திருக்கும் கல்குடாவுக்கும், கல்லடிக்கும் அந்தச் சலுகையும் இல்லை.

வாடைக் காலம் வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. வங்காள விரிகுடாவின் அலை இக்கரையை நேருக்கு நேர் தாக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே தாழமுக்கங்கள் தோன்றும். 1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சிதைத்து, தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட சூறாவளியை மூத்தோர் மறக்கவில்லை. இந்தப் பருவத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை, முழு இலங்கைக்குமாகச் சொல்லப்படும் பொது வானிலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல், தனியே கேட்கவேண்டும். 'திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பிராந்தியம்' என்று வரும் பகுதியே நமக்குரியது. காற்று மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்று சொல்லி, 'இடையிடையே 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கலாம்' என்று தொடர்ந்தால், ஒருநாட் படகில் செல்பவர் மனத்தில் நிறுத்தவேண்டியது அந்த 60 தான். ஏனெனில் படகைக் கவிழ்ப்பது சராசரிக் காற்றல்ல. அந்த இடையிடைக் காற்றே.

ஆனால் எந்த அறிக்கையும் சொல்லாத ஓரிடம் இருக்கிறது. அது நம் முகத்துவாரம். உலகின் அலைக் கணிப்புகள் பல கிலோமீற்றர் அகலமான கட்டங்களாகச் சமுத்திரத்தைப் பிரித்துக் கணக்கிடுவன. பாலமீன்மடுவிலோ பெரியகல்லாற்றிலோ இந்த வாரம் மணல்மேடு எங்கே கிடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமான வாவியிலே மாரி வெள்ளம் நிறைந்து, படுவான்கரை வயல்களும் எழுவான்கரைக் குடியிருப்புகளும் நீரில் மூழ்கும் தறுவாயில், மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலில் விடுவதுண்டு. வயற்காரர் இன்றே வெட்டவேண்டும் என்பார். வாவியில் தொழில் செய்வோர் பொறுக்கவேண்டும் என்பார். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எப்போது வெட்டினும், அதன்பின் நிகழ்வது ஒன்றே: வாவியின் கலங்கல் நீர் பேரிரைச்சலோடு வெளியே பாய, எதிரே வரும் கடலலை அந்நீரோட்டத்தில் முட்டுண்டு, நீளம் குறுகி, செங்குத்தாக எழுந்து உடைகிறது. வெளிக்கடலில் ஒன்றரை மீற்றராக இருந்த அலை, படகு நுழையவேண்டிய அந்தக் குறுகிய வாயிலிலே வெள்ளைச் சுவராகிவிடுகிறது. கடல் வற்றும் வேளையில், வெளியே செல்லும் நீர் மேலும் வேகம் கொள்வதால், நிலைமை இன்னும் மோசம். ஆகையால் வெட்டப்போகும் நாளையும் நேரத்தையும் மீனவர் சங்கங்களுக்கும் கரையோர மக்களுக்கும் முன்னரே அறிவிப்பது உபகாரமல்ல, கடமை; அறிவிக்கும்படி கேட்பது நமது உரிமை.

கரையிலே குளிப்போர் அறியவேண்டியது ஒன்றுண்டு. அலைகள் மேட்டின்மேல் உடைந்து கொண்டுவந்து குவிக்கும் நீர், ஏதேனும் ஒரு பள்ளத்தின் வழியாகக் கடலுக்கே திரும்பிப் பாய்கிறது. இருபுறமும் நுரை பொங்க, நடுவே மட்டும் அலை உடையாமல், சற்றுக் கறுத்தோ கலங்கியோ தெரியும் பட்டையே அந்த வழி; அமைதியாகக் காணப்படுவதால் பிள்ளைகள் அதையே தெரிந்தெடுத்து இறங்குகிறார்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்து மாள்வார். நீரோடு போராடாமல் மிதந்து, கைதூக்கிக் கூவி, கரைக்கு இணையாக ஒருபக்கம் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அலையோடு கரைசேர வேண்டும். காப்பாற்றப் பாய்பவரும் வெறுங்கையோடு பாயலாகாது. மிதக்கும் பொருள் ஏதேனும், வெறும் பிளாஸ்டிக் கலனாயினும், கையிலிருக்க வேண்டும். அவசரத்தில் 1990 ஐ அழைத்தால் நோயாளர் காவுவண்டி வரும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119.

இனி உரிமையின் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலையில், சுமாத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்ததற்கும், வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த நாவலடியைக் கடல் வாரிச் சென்றதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த அவகாசத்தில் ஒரு சொல்லேனும் இக்கரைக்கு வந்து சேரவில்லை. அந்தத் துயரத்தின் பின் இயற்றப்பட்டதே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். இன்று முன்னெச்சரிக்கையை மக்களிடம் சேர்ப்பிக்கப் பொறுப்புடைய அமைப்பு உண்டு. மாவட்டத்தில் அதற்கு அலகு உண்டு. பிரதேச செயலகமும் கிராம உத்தியோகத்தரும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். அச்செய்தி தமிழில் வரவேண்டும் என்பதும் யாசகமல்ல: அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்கிறது. எச்சரிக்கையோ கரையோர அறிவிப்புப் பலகையோ தமிழில் இல்லாவிடில் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடலாம்.

எச்சரிக்கை கைக்குக் கிடைத்தும் அதிகாரத்திலுள்ளோர் வாளாவிருந்தால் பரிகாரம் உண்டா? வேறொரு துறையிலே நம் உயர் நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தையும் குருதியில் ஆழ்த்திய 2019 ஏப்ரல் 21 ஆந் திகதித் தாக்குதல்களைப் பற்றி, முன்னறிவித்தல் கிடைத்திருந்தும் தடுக்கத் தவறியமை அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரி 12 ஆந் திகதி தீர்ப்பளித்த நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்றும் கட்டளையிட்டது. புயலும் குண்டும் ஒன்றல்ல. ஆயினும் எச்சரிக்கையைப் பெற்றவன் அதற்குப் பொறுப்பாளியாகிறான் என்னும் தத்துவம் இரண்டுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவுக்குத் தவணை ஒரே மாதம் என்பதை மறக்கலாகாது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யப்படுமாயின், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையிற் சேராது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, கொழும்புக்கு அலையவேண்டியதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு அலைச்சறுக்கு கற்பிப்பவரும், படகுச் சவாரி அழைத்துச் செல்பவரும் சட்டத்தின் பிடிக்கு அப்பாற்பட்டவரல்லர். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வழங்கும் சேவையில் உரிய கவனமும் திறமையும் காட்டுவதாக அவர் உறுதியளித்ததாகவே கொள்ளப்படும். உயிர்காப்பு அங்கி தராமலோ, எச்சரிக்கை அமுலிலிருக்கும்போதோ கடலில் இறக்கினால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, தாமதியாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977.

எல்லாவற்றிலும் எளிய கருவி, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். மீனவர் சங்கமொன்றின் செயலாளரோ, கல்லடியில் வாழும் ஓர் ஆசிரியையோ, தம் பெயரில் ஒரு கடிதம் எழுதினாற் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை. எங்கள் கிராமத்துச் சுனாமி எச்சரிக்கைக் கோபுரம் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டது எந்நாளில், கடல் அறிக்கையை எங்கள் இறங்குதுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு எந்த உத்தியோகத்தருடையது, கடந்த மாரியில் முகத்துவாரத்தை வெட்டத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பில் மீனவருக்கு முன்னறிவித்தல் கொடுத்ததாகப் பதிவு உண்டா என்று கேளுங்கள். கடிதத்தை ஒப்படைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்லவேண்டும். கேட்பது ஒரு பிரஜையின் உயிரையும் சுதந்திரத்தையும் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மறுமொழி தரவேண்டும். தாழமுக்கம் உருவாகியிருக்கும் வாரத்திலே கோபுரத்தைப் பற்றிக் கேட்பவர், அந்த நாற்பத்தெட்டு மணி நேர விதியைக் கடிதத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுவது நல்லது. மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதிலும் திருப்தியில்லையானால், இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஐப்பசி மழைக்கு முன், ஆவணி மாதத்திலேயே முதற் கடிதத்தை அனுப்பிவிட்டால், வாடைக் காற்று திரும்புமுன் பதில் கையில் இருக்கும்.